லிலி கிரவுஸின் கைகள்

1943 ஜூன் மாதம் ஜாவாவில் கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல்துறை ஒரு பியானோ கலைஞரைக் கைது செய்தது. பெயர் லிலி கிரவுஸ். வயது நாற்பது. ஹங்கேரியில் பிறந்து, வியன்னாவிலும் பெர்லினிலும் பயின்று, மொசார்ட்டை வாசிப்பதில் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். அதே ஜூன் மாதம், வடக்கே சயாம்–பர்மா எல்லைக் காட்டுக்குள் காலரா பரவிக்கொண்டிருந்தது. செத்து விழுந்தவர்களில் பெரும்பகுதி நம்ம ஆட்கள். சிலாங்கூரிலும் பேராவிலும் ஜொகூரிலும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ரயில் போட வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள்.

இந்த இரண்டு செய்திகளும் பொதுவாக வேறு வேறு அலமாரியில் இருக்கும். ஒன்று மேற்கத்தியச் செவ்வியல் இசையின் வரலாறு. இன்னொன்று மலேசியத் தமிழர் வரலாறு. முதல் அலமாரிப் பக்கம் நம்மில் அதிகம் பேர் போவதில்லை. இரண்டாவது அலமாரியோ பாதி காலி. ஆனால் இரண்டையும் செய்தது ஒரே இராணுவம், ஒரே ஆண்டு. அதனால் சேர்த்தே எழுதலாம் என்று நினைக்கிறேன். யார் பட்ட துன்பம் பெரிசு என்று தராசில் நிறுக்கும் வேலை இது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியது வேறு கேள்விக்கான பதில். ஒரு சிறைவாசம் எப்படிக் கதையாகிறது? இன்னொன்று ஏன் ஆவதில்லை?

லிலி கிரவுஸ் 1903 மார்ச் 4-ஆம் தேதி புடாபெஸ்ட்டில் பிறந்தார். வசதியான வீடு இல்லை. எட்டு வயதில் அந்நகரின் இசைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் இருவர் பேலா பார்டோக்கும் சோல்டான் கோடாயும். இந்த இரண்டு பேரும் ஹங்கேரியின் கிராமம் கிராமமாக மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்து குடியானவர்களின் பாட்டுகளைச் சேகரித்தவர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்பது செவ்வியல் இசைக்குக் கீழே கிடக்கும் பொருள் இல்லை, அதுதான் வேர் என்று நம்பியவர்கள். அவர்களைப் போல ஒருத்தர் 1940-களிலோ 50-களிலோ நம் லயங்களுக்குள் ஒரு பதிவுக் கருவியோடு வந்திருந்தால் என்னவெல்லாம் மிஞ்சியிருக்கும்! சரி, அது தனி ஏக்கம். கதைக்கு வருவோம்.

புடாபெஸ்ட்டுக்குப் பிறகு வியன்னா. இருபதுகளின் தொடக்கத்திலேயே அங்கே ஆசிரியராகிவிட்டார். பிறகு பெர்லினில் ஆர்தர் ஷ்னாபெலிடம் மேற்பயிற்சி. ஷ்னாபெல்தான் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுமையாக இசைத்தட்டில் பதிந்தவர். விரல் வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவதை அறவே வெறுத்தவர். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்கப் பழக்கியவர். லிலியின் வாசிப்பில் கடைசிவரை அந்தப் பள்ளியின் சாயல் உண்டு.

1930-இல் ஓட்டோ மாண்டிலை மணந்தார். ஆஸ்திரியர், பணக்காரர், யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். மனைவியின் கச்சேரி வாழ்க்கையை நிர்வகிக்கத் தன் தொழிலையே விட்டவர். ஒரு மகள், ஒரு மகன். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் வீடு. வயலின் கலைஞர் சிமோன் கோல்ட்பெர்க்கோடு சேர்ந்து ஊர் ஊராக வாசித்தார். பார்லோபோன் நிறுவனத்துக்காக மொசார்ட், பீத்தோவன் வயலின் சொனாட்டாக்களைப் பதிந்தார். கோல்ட்பெர்க் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் வயலின் கலைஞராக இருந்தவர். யூதர் என்பதால் 1934-இல் வெளியேற வேண்டியதாயிற்று. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். இத்தாலியிலும் இனச் சட்டங்கள் வந்தன. மாண்டில் குடும்பம் லண்டனுக்கு நகர்ந்தது. 1940-இல் கிழக்கு நோக்கி ஒரு நீண்ட கச்சேரிப் பயணம். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள்தான், அதாவது இன்றைய இந்தோனேசியாதான், அதில் முக்கியமான இடம்.

ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த குடும்பம் தோஜோவின் கையில் மாட்டிக்கொண்டது. 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15 சிங்கப்பூர். மார்ச் 8 ஜாவாவில் டச்சுப்படை சரணடைந்தது. இரண்டே மாதத்தில் நூறு, இருநூறு ஆண்டு ஆட்சிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன.

கொஞ்ச காலம் லிலி ஜாவாவில் வெளியேதான் இருந்தார். வாசித்துக்கொண்டும் இருந்தார். 1943 ஜூனில் சதி செய்ததாகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். குடும்பம் பிரிக்கப்பட்டது. சிறை, பிறகு முகாம். ஜாவாவிலும் சுற்றியிருந்த தீவுகளிலும் அப்படி அடைக்கப்பட்ட ஐரோப்பியக் குடிமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது, கக்கூஸ் கழுவுவது, சுமை தூக்குவது, அரைவயிற்றுச் சோறு. முதல் பல மாதங்கள் பியானோ கிடையாது.

பியானோ கலைஞருக்குக் கை என்பது என்ன என்று யோசிக்க நமக்குத் தோதான ஒரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பால்வெட்டுக்காரரின் கை. ரப்பர் மரத்தின் பட்டையை ஒரு தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்படும், பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. அந்தக் கனத்தைக் கண்ணால் அளக்க முடியாது. விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மணிக்கட்டுதான் அளக்கும். நூற்றுக்கணக்கான மரம், தினமும். நல்ல வெட்டுக்காரரின் மணிக்கட்டுக்கும் ஷ்னாபெலிடம் படித்த ஒருத்தரின் மணிக்கட்டுக்கும் தொழில்நுட்ப ரீதியாக அதிக தூரம் இல்லை என்பது என் எண்ணம். எவ்வளவு அழுத்தம் என்பதை எலும்பு அறிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குச் சம்பளம் கங்காணி கணக்கில் எழுதப்பட்டது. இன்னொன்றுக்கு மேடை கிடைத்தது.

கேரித் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரையை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு கடலைத் தொடும் இடத்தில் கிடக்கும் சதுப்புத் தீவு. மா மெரி பூர்வகுடிகளின் மண். வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வரப்பு போட்டுக் கடலைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி ரப்பர் நட்டார்கள், பிறகு செம்பனை. வெட்டியதும் நட்டதும் பெரும்பாலும் தமிழர்கள். தோட்டத்தில் மேட்டுமேல் துரை பங்களா, கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே லயம் என்ற அடுக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். மலாயாவில் பியானோ இருந்த இடமும் அந்த அடுக்கின் உச்சியில்தான். துரைசானிக்குப் பொழுதுபோக, கிளப்பில் சனிக்கிழமை ராத்திரி ஆட. நம் ஊர் ஈரக்காற்றில் பியானோ படும் பாடு சொல்லி முடியாது. பலகை உப்பும், கம்பி துருவேறும், உள்ளே இருக்கும் கம்பளிச் சுத்தியலைப் பூச்சி அரிக்கும். ஆள் வைத்துப் பராமரிக்க வசதி உள்ளவர்களுக்கே அது கட்டுப்படியாகும். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கும், மாதாகோயில் பாட்டுக்காரர்களுக்கும் அது கொஞ்சம் எட்டியது. லயத்துக்கு எட்டவில்லை. லயத்தில் இருந்தது தப்பும் உறுமியும். பஜனை மடத்தில் ஆர்மோனியப் பெட்டி.

ஜப்பான்காரன் வந்ததும் அந்த அடுக்கு தலைகீழானது என்று நினைப்போம். மேலே இருந்தவர்கள் மட்டும்தான் மாறினார்கள். துரைமார்களை சாங்கி சிறைக்குக் கொண்டுபோனார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகள். மரம் நின்றது, வேலை நின்றது, அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கு தின்று கால் வீங்கிக் கிடந்த சனங்களிடம் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, மூன்று மாதம் என்று சொன்னால் போகாமல் இருப்பார்களா? போக மறுத்த இடங்களில் ஆள் பிடித்தார்கள். ஓசியில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகளை வாய்மொழிச் சாட்சியங்களில் கேட்கலாம்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சந்தித்தன. அந்தக் காட்டில், அந்த மலையில், அவ்வளவு சீக்கிரம் ஒரு ரயில்பாதை போட முடியும் என்று அதற்குமுன் எந்தப் பொறியாளரும் சொன்னதில்லை. மனிதனைக் கணக்கில் எடுக்காவிட்டால் முடியும். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்குமேல் வேலை செய்தார்கள், அதில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டியவர்கள். இறப்பு எண்ணிக்கையைப் பொதுவாகத் தொண்ணூறாயிரம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரம் பேருக்குமேல் போனார்கள், அதில் மிகப்பெரும்பான்மை தோட்டத் தமிழர்கள். மலாயாவின் கிழக்குக்கரை ரயில்பாதையைப் பெயர்த்து அந்தத் தண்டவாளங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

போர்க்கைதிகளின் முகாமில் இராணுவ ஒழுங்கு இருந்தது, கூடவே பிடிபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கட்டளை போட அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர்கள் முகாமில் அது எதுவும் இல்லை. கைக்குழந்தையோடு போன குடும்பங்களும் உண்டு. 1943 மே–ஜூனில் மழையோடு காலரா வந்தபோது அதனால்தான் அங்கே சாவு அவ்வளவு. மருந்து இல்லாதது பாதிக் காரணம், ஒரு மனிதக் கூட்டமாக இயங்க விடாமல் சிதறடித்து வைத்திருந்தது மீதிக் காரணம்.

என் பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை. பாட்டிக்கு அதைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். போகும்போது காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார். உறுமி நன்றாக அடிப்பார். “அவன் கைக்கு அந்தத் தோலே பேசும்டா” என்பார் பாட்டி. ஒரு மனிதரின் நாற்பது ஆண்டு வாழ்வில் மிஞ்சியது இந்த ஒரு வரி.

மறுபடி ஜாவா. முகாமில் லிலி கிரவுஸுக்குப் பிறகு ஒரு கட்டத்தில் பியானோ கிடைத்தது. அவருடைய வாசிப்பை முன்பே அறிந்திருந்த ஒரு ஜப்பானிய இசை நடத்துநரின் தலையீட்டால் குடும்பம் மறுபடி சேர்க்கப்பட்டது, நிலைமையும் கொஞ்சம் தளர்ந்தது. உலகப் புகழ் என்பது உயிர் காக்கும் சமாச்சாரம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பியானோ இல்லாத மாதங்களில் தனக்குத் தெரிந்த படைப்புகளை எல்லாம் மனசுக்குள்ளேயே முழுதாக ஓட்டிப் பார்த்ததாகவும், விரல் இல்லாமல் கேட்டபோது அதற்குமுன் கவனிக்காத அடுக்குகள் புலப்பட்டதாகவும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறைவாசம் தன்னை ஆழமாக்கியது என்ற பொருளில் பேசினார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. கலைஞர்கள் தங்கள் காயத்தைக் கலைக்குள் கரைத்துச் சொல்வது வழக்கம், அது அவர்கள் உரிமை. ஆனால் கேட்கிற நாம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு “துன்பம் கலைஞனைப் பட்டை தீட்டும்” என்று மேடையில் பேச ஆரம்பித்துவிடுகிறோம். காஞ்சனாபுரிக் காட்டில் அந்தத் துன்பம் எந்தக் கலைஞனையும் பட்டை தீட்டவில்லை. உறுமி அடித்த கை மண் சுமந்து செத்தது, அவ்வளவுதான். துன்பத்துக்கு அந்தச் சக்தி தானாகக் கிடையாது. உயிரோடு வெளியே வர வேண்டும், வந்த பிறகு ஒரு மேடை இருக்க வேண்டும், மேடையில் ஏறும்போது “இவர் யார்” என்று கேட்கிற சனம் இருக்க வேண்டும்.

சிறைக்குள் இசை என்பதற்கு இன்னொரு கதையும் பக்கத்திலேயே நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பி ஓடிய கப்பல்கள் பங்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டன. பிழைத்த பெண்கள் சுமத்ராவில் பலெம்பாங் பக்கம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலிய நர்ஸுகள், மிஷனரிகள், மலாயாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களின் மனைவிமார்கள். நேற்றுவரை பங்களாவில் பியானோ வைத்திருந்த அதே துரைசானிகள். அவர்களோடு டச்சு கன்னியாஸ்திரிகளும் சேர்ந்தார்கள். அதில் மார்கரெட் டிரைபர்க் என்று ஒரு அம்மா, சிங்கப்பூரில் பள்ளி நடத்திய மிஷனரி, பியானோ தெரிந்தவர். நோரா சேம்பர்ஸ் என்று ஒருத்தர், லண்டனில் வயலின் படித்தவர், கணவர் மலாயாவில் அரசாங்க வேலையில் இருந்தவர். கருவி எதுவும் இல்லாத இடத்தில் இந்த இருவரும் பியானோ, ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை நினைவிலிருந்து காகிதத்தில் எழுதி, நான்கு குரலாகப் பிரித்து, வார்த்தை இல்லாமல் முனகிப் பாட முப்பது பெண்களைப் பழக்கினார்கள். 1943 டிசம்பர் 27-இல் முதல் கச்சேரி. ஷோபேனின் ‘மழைத்துளி’ முன்னிசையும், த்வோர்ஷாக்கின் சிம்ஃபனி ஒன்றின் மெதுவான பகுதியும் பட்டியலில் உண்டு. காவலாளிகளும் நின்று கேட்டார்களாம். 1945-க்குள் பாடியவர்களில் பாதிப்பேர் இறந்துபோனதால் குழு நின்றது. டிரைபர்க் அந்த ஏப்ரலில் இறந்தார். ஆனால் காகிதங்கள் பிழைத்தன. 1980-களில் அமெரிக்காவில் பெண்கள் குழு ஒன்று அவற்றை எடுத்துப் பாடியது. ‘பாரடைஸ் ரோட்’ என்று 1997-இல் படமே வந்துவிட்டது.

அங்கே இருந்த காகிதத்தை நினைக்கிறேன். பாட்டு எங்கள் சனத்திடமும் இருந்தது. சயாமுக்குப் போனவர்களை நினைத்து லயத்துப் பெண்கள் பாடிய ஒப்பாரிகளும் பாட்டுகளும் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் இருக்கின்றன. அவை அச்சுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. பாடியவர் பெயர் பல சமயம் கிடையாது. ராகம் கிடையாது. எழுத்து மட்டும் இருக்கிறது, குரல் இல்லை. பலெம்பாங்கில் நடந்தது நேரெதிர். குரல் போன பிறகும் அதைத் திரும்ப எழுப்பும் குறிப்பு இருந்தது. இசையைக் காகிதத்தில் எழுதத் தெரிந்த ஒரு வகுப்புக்கும் தெரியாத ஒரு வகுப்புக்கும் நடுவிலான இடைவெளி எவ்வளவு என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. மாண்டில் குடும்பம் நால்வரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 1946-இல் லிலி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கச்சேரி செய்தார். நியூசிலாந்து அவருக்குக் குடியுரிமை தந்தது. நாடில்லாத ஒரு பெண்ணை, அவர் கைகளை மதித்து, ஒரு நாடு ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம். இதே வருடங்களில் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பியவர்களின் கதி வேறு. அடுத்த பத்தாண்டுகளில் குடியுரிமை பற்றிய சட்டங்கள் மாறி மாறி வந்தபோது பத்திரம் இல்லாமல், படிவம் புரியாமல் விடுபட்டவர்கள் அவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர். சிவப்பு அடையாள அட்டையோடேயே இங்கே பிறந்து வளர்ந்து செத்தவர்களை நம் தலைமுறையும் பார்த்திருக்கிறது.

லிலியின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது எல்லா அகராதியிலும் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் கொஞ்ச காலம் கற்பித்தார். 1950-களில் பாரிஸிலும் வியன்னாவிலும் பதிவுகள். வில்லி போஸ்கோவ்ஸ்கியோடு சேர்ந்து மொசார்ட்டின் வயலின் சொனாட்டாக்கள், தனியாக மொசார்ட்டின் பியானோ சொனாட்டாக்கள் முழுவதும். 1956-இல் கணவர் இறந்தார். 1966–67 பருவத்தில், அறுபத்து மூன்று வயதில், நியூயார்க்கில் மொசார்ட்டின் 25 பியானோ கன்செர்ட்டோக்களையும் ஒன்பது கச்சேரிகளில் வாசித்து முடித்தார். 1967-இலிருந்து 1983 வரை டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில். மேடையில் பட்டும் சரிகையுமான நீண்ட உடைகளில் வருவார், கழுத்து நிறைய மாலைகள். 1986 நவம்பர் 6-இல் வட கரோலினாவில் இறந்தார்.

அந்த 25 கன்செர்ட்டோக்களின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. உண்மையைச் சொன்னால் ஆர்கெஸ்ட்ரா சுமார்தான், அவசரமாகப் பதிந்தது தெரிகிறது. முதல்முறை கேட்கிறவர்களை நான் 1950-களின் சொனாட்டாக்களிடம்தான் அனுப்புவேன். குறிப்பாக ஏ மைனரில் உள்ளது, மொசார்ட்டின் பட்டியலில் 310-ஆம் எண். 1778 கோடையில் பாரிஸில் எழுதியது. அந்த ஜூலையில் அந்த ஊரில்தான் மொசார்ட்டின் அம்மா இறந்தார், பையனுக்கு இருபத்திரண்டு வயது. மொசார்ட் என்றால் சர்க்கரை என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இடது கை ஒரே கொத்து ஸ்வரங்களை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பல கலைஞர்கள் அதை மெத்தை மாதிரி பின்னால் தள்ளி, வலது கையின் மெட்டை முன்னால் ஜொலிக்க விடுவார்கள். லிலி தள்ளுவதில்லை. அந்த இடது கை ஓர் அணிவகுப்பு மாதிரி, நிறுத்த முடியாத ஒன்று மாதிரி கூடவே வருகிறது. ஜாவாவில் இருந்ததால்தான் இப்படி வாசித்தார் என்று நான் சொல்லமாட்டேன், ஷ்னாபெலிடம் படித்தவர் வேறு எப்படி வாசிப்பார் என்றும் கேட்கலாம். ஆனால் 1943 என்ற ஆண்டை அறிந்துகொண்டு கேட்கும்போது என் காதில் அது வேறு எதுவாகவும் விழுவதில்லை.

பியானோ நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டை கட்டையாகச் சுருதி நிலைத்துவிட்ட கருவியில் கமகம் வராது என்பது பழைய வாதம். அகில இந்திய வானொலி அதே காரணத்துக்காக 1940-இல் ஆர்மோனியத்தையே முப்பது ஆண்டு விலக்கி வைத்தது. வாதம் சரிதான், ஆனால் அதற்கு நடுவில் லயத்துப் பஜனை மடத்தில் ஆர்மோனியம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கருவிக்கு ஜாதி இல்லை, கருவி இருக்கும் வீட்டுக்குத்தான் உண்டு. 1998 ஆகஸ்டில் இரட்டைக் கோபுரத்துக்கடியில் பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபம் திறந்தது. அதே ஆண்டு கோலாலம்பூரில் பிறந்த தெங்கு அகமது இர்ஃபான் சிறுவயதிலேயே பியானோ கலைஞராகப் பெயர் வாங்கி நியூயார்க்கின் ஜூலியார்டில் படித்தார். கேரித் தீவிலிருந்து அந்த மண்டபத்துக்கு இன்று காரில் ஒன்றேகால் மணி நேரம், ஃபெடரல் நெடுஞ்சாலை மனசு வைத்தால். மாணவர்களுக்கு மலிவு விலையில் சீட்டும் உண்டு. போய்க் கேளுங்கள், நம் வரிப்பணமும் எண்ணெய்ப்பணமும் அதில் இருக்கிறது.

சயாம் பற்றி நம்மிடம் இருப்பது என்ன? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993-இல் வந்தது, பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இல். இரண்டையும் நாவல் கலை என்ற கறாரான அளவுகோலோடு மட்டும் அணுகி ஓரமாக வைத்துவிடும் போக்கு நம் விமர்சனத்தில் உண்டு. மொழி தட்டையாகும் இடங்கள் இருக்கின்றன, உரையாடல் நீள்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சமூகத்தின் நினைவகமே இல்லாத இடத்தில் நாவல் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது. லிலிக்கு அந்தச் சுமை இல்லை. அவர் ஏ மைனர் சொனாட்டாவுக்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. டச்சு, ஆங்கில ஆவணக் காப்பகங்கள் எண்ணிக்கொண்டிருந்தன. அவர் வாசித்தால் போதும். ரெங்கசாமி எண்ணவும் வேண்டும், எழுதவும் வேண்டும்.

காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் 6,982 போர்க்கைதிகளின் கல்லறைகள் இருக்கின்றன. புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் வீட்டார் சொன்ன ஒரு வாசகம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தவோர்ன் வராராம் என்ற பௌத்த கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் மொத்தமாகப் புதைக்கப்பட்ட இடம் அதன் வளாகத்துக்குள் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் கைக்காசு போட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நடுகல் நாட்டினார்கள். தனித்தனிப் பெயர்கள் பொறிக்க வழியில்லை. தோட்டத்திலிருந்து லாரி ஏறியபோது எழுதிய பட்டியல்கள் இருந்திருக்கும், அவை போரோடு போயின. வீடுகளில் இருப்பது பாட்டிமார்கள் நினைவில் ஒட்டிய காக்கிக் கால்சட்டையும் உறுமியும் மாதிரியான துணுக்குகள். எங்கள் பாட்டி சொன்ன பெயரை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பெயர், தோட்டம், டிவிஷன், வாசித்த கருவி. கிள்ளான், பந்திங், சிஜங்காங் பக்கத்து நண்பர்கள் மூவர் அதே நோட்டில் அவரவர் வீட்டுப் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைக்குப் பதினொன்று.